தரைக்கடியில் ஒரு தரை

லினெட் ட்ரெகோனிங் ஐஸ்பெட்டியைத் திறந்து, தக்காளி சாண்ட்விச்சை ஓரமாகத் தள்ளிவிட்டு, மடிக்கணினியை வெளியே எடுக்கிறார். பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்கள் ஊர் போர்ட் அகஸ்டாவின் ஜனவரிக் கோடை வெயிலில் காரில் விட்டுவைத்த இரண்டு கணினிகள் செத்துப்போன பிறகு வந்த பழக்கம் இது. "மனுசங்க தாங்கிக்குவோம் கண்ணு, இது தாங்காது" என்பார். விசைகளுக்கு நடுவே எப்போதும் ரொட்டித் துகள் கிடக்கும்.

வயது அறுபத்தொன்று. கட்டப்போகும் கட்டடத்தை அடித்தளம் முதல் கூரை வரை கணினிக்குள் எழுப்பி, அதற்கு எவ்வளவு சிமெண்ட், இரும்பு, மின்சாரம் ஆகும், அதனால் எத்தனை டன் கார்பன் காற்றில் கலக்கும் என்று பார்த்துச் சொல்வது அவர் தொழில். திரையில் தெரியும் கட்டடத்தோடு வாய்விட்டுச் சண்டை போடுவார். "மூஞ்சியப் பாரு, ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி" என்று ஒரு சுவரைத் திட்டியதை நானே கேட்டிருக்கிறேன்.

நான் நடத்தும் மழலையர் பள்ளிக்குப் புதுக் கட்டடம் வரவிருந்தது. நிதி தருபவர்கள் கார்பனுக்கு ஓர் எல்லை வைத்திருந்தார்கள். எங்கள் கட்டடம் அதைத் தாண்டிவிட்டது. வடக்கு வராந்தாவை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்றார் படம் வரைந்த நியால். எங்கள் ஊரில் உச்சி வெயில் வடக்கிலிருந்துதான் இறங்கும். வராந்தா இல்லையென்றால் முப்பத்திரண்டு பிள்ளைகளும் மார்ச் வரை அறைக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியதுதான்.

கணக்கை மறுபடி பார்க்க லினெட் மூன்று நாள் அவகாசம் கேட்டார். மூன்றாம் நாள் என்னை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, திரையில் இருந்த தரையை அழித்தார். தரை அப்படியே இருந்தது.

"தரைய அழிச்சா தரை போகணுமா இல்லையா?"

"போகணும்."

"போகல பாரு. அதே எடத்துல அதே தரை இன்னொண்ணு படுத்திருக்கு. நியால் ஒண்ணு வரைஞ்சாரு, இன்ஜினியரு ஒண்ணு வரைஞ்சாரு. ரெண்டு படத்தையும் ஒண்ணாச் சேர்த்தப்போ, இந்தக் கம்ப்யூட்டர் மகராசன் ரெண்டுக்கும் கான்கிரீட் ஊத்திட்டான்."

உடனே நியாலுக்கு போன் போட்டார். "ஏம்பா, ரெண்டு தரை எதுக்கு? வரப்போறது பிள்ளைங்களா, யானைக்குட்டிங்களா?" மறுமுனையில் நியால் சிரித்தது எனக்கே கேட்டது.

ஒரு தரையை நீக்கியதும் கட்டடம் எல்லைக்குள் வந்துவிட்டது. நான் துள்ளி எழுந்தேன். அதோடு விட்டிருக்கலாம் அல்லவா? இன்னும் துழாவி, மழைநீர்த் தொட்டிக்கான மேடையை நியாலும் வரையவில்லை, இன்ஜினியரும் வரையவில்லை என்று கண்டுபிடித்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

"அதை விட்டுடுங்க லினெட். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. கூட இருந்ததக் கழிச்சேன்ல? விட்டுப்போனதச் சேர்க்க வேணாமா?"

சேர்த்தார். ஏறிக்கொண்டே போன எண் எல்லைக்கு இரண்டு டன் கீழே நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழுகைக்கெல்லாம் கார்பன் கிடையாது, நல்லா அழு" என்று பாதி சாண்ட்விச்சை என் கையில் திணித்தார்.

அந்த மனுஷி அன்று கண்ணை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு வராந்தா கிடைத்திருக்கும், ஆனால் அதில் நிம்மதியாக நின்றிருக்க மாட்டேன். இரண்டையும் கொடுத்தவருக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

திறப்பு விழாவுக்குக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். பேச்செல்லாம் முடியட்டும் என்று மதியம் இரண்டு மணிக்குத்தான் வந்தார். வெளியே நாற்பத்து நான்கு டிகிரி. பிள்ளைகள் வராந்தாவில் மரக்கட்டைகளைப் பரப்பி ரயில் விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே "இரு கண்ணு" என்று கைகாட்டிவிட்டு, ஒரு கால் பூட்ஸையும் காலுறையையும் கழற்றி, வெறும் பாதத்தைத் தரையில் மெல்ல வைத்தார். நிழலில் கிடந்த தரை சுடவில்லை. பிறகு கீழே உட்கார்ந்து, அடுத்த கால் பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.