கோவில்பத்தில் விழுந்த ஒற்றை ஓட்டு

தங்கப்பன் பிறந்தபோது காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கியிருந்தது, கைமாற்றப் பத்திரத்தில் கடைசிக் கையெழுத்து மட்டும் ஆகவில்லை. அந்த இடைப்பட்ட ஏழெட்டு வருடத்தில் பிறந்த பிள்ளைகள் எந்த நாட்டுக் கணக்கு என்று ஊரில் ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. "ஒன்னையக் கேட்டு ஒரு நாட்டுக்காரனும் வரலடா, அதான் நானே வெச்சுக்கிட்டேன்" என்று அவருடைய அம்மா நெடுங்காட்டு வயலில் நாற்றுப் பறித்தபடியே சொல்வாளாம்.

கையெழுத்து ஆயிற்று. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கையும் ஒரே தொகுதியாக்கி, டெல்லிக்கு ஒரே ஓர் உறுப்பினர் என்றும் ஆயிற்று. நான்கும் ஒட்டிக்கொண்டு கிடந்தால் பரவாயில்லை. காரைக்காலுக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தமிழ்நாடு காலை நீட்டிப் படுத்திருக்கிறது. ஏனாம் ஆந்திரத்தில், கோதாவரிக் கரையில். மாஹே மேற்குக் கடலோரம், மலையாளத்துக்கு நடுவில். கூடம் ஓர் ஊரிலும் கொல்லை வேறோர் ஊரிலும் உள்ள வீடு மாதிரி ஒரு தொகுதி. ஆறு வாக்காளரை நிறுத்தினால் காரைக்கால்காரர் ஒருவர் தேறுவார். அதனால் வேட்பாளர்கள் இங்கே வருவது மாப்பிள்ளை மறுவீடு வருவது போலத்தான்: வருவார்கள், சிரிப்பார்கள், பொழுது சாயுமுன் கிளம்பிவிடுவார்கள்.

இந்த நான்கையும் தொட்டு வந்த மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் தங்கப்பன்தான். அரசுப் பேருந்து ஓட்டுநர். காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்கு, தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று அடுத்தவர் தொகுதிகளையெல்லாம் வரிசையாகக் கடந்து, தன் தொகுதியின் மறுபாதிக்குப் போவார். ஆள் குறைந்த நாட்களில் மாஹே வண்டிக்கும் ஏனாம் வண்டிக்கும் அவரைத்தான் அனுப்புவார்கள். மாஹே போகும் மலைப்பாதையில் பனி கண்ணை மறைத்தபோது, முன்னால் போன யானையின் வாலைப் பார்த்தே வண்டியை இறக்கினாராம். யானைக்கு இண்டிகேட்டர் இல்லை, அது ஒன்றுதான் சிரமம். அவர் ஹாரன் அடித்தால் சிதம்பரம் ரயில்வே கேட் தானாக ஏறும் என்றும் பேச்சு. ஏறியதைப் பார்த்தவர் இல்லை. சொன்னவர்கள் ஒரு பேருந்துக்குத் தேறுவார்கள்.

என்ன கூட்டம் அந்த வண்டியில்! திங்கட்கிழமை காலையில், புதுச்சேரியில் கையெழுத்து வாங்கக் கோப்புக் கட்டோடு அலுவலகத்தார். பிரெஞ்சு ராணுவ பென்ஷனுக்காகத் தூதரகம் போகும், சிப்பாய்களாயிருந்த சொல்தாக்களின் வீட்டு அம்மாக்கள், பவுடர் மணக்க. வெளிநாட்டிலிருந்து வந்த முஸ்லிம் தெருப் பிள்ளைகள், தலைக்கு மேல் பெட்டியும் வாய் நிறைய சலாமுமாக. பெண் பார்க்கப் போகும் கத்தோலிக்கக் குடும்பம். மீன் ஐஸ் பெட்டி வைக்க இடம் கேட்டுச் சண்டை போடும் பட்டினச்சேரிப் பெண்கள். இத்தனை பேருக்கும் சீட்டுக் கிழித்தவர் கண்டக்டர் ஃபயாஸ். இருவரும் ஒன்றாக ஓய்வு பெற்றார்கள். காரைக்கால் கோவில்பத்தில், தங்கள் தெரு டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

அந்த பெஞ்சில்தான் வினை முளைத்தது. போன மக்களவைத் தேர்தல் நேரம். வேட்பாளர் ஒருவர் ஜீப்பில் நின்று கையசைத்துவிட்டு, வண்டி நிற்காமலே போனார்.

"ஏன்ணே, இந்தத் தொகுதிய முழுசாப் பாத்தவரு நீங்க ஒருத்தருதான். நீங்க நின்னா என்னா?" என்றார் ஃபயாஸ்.

"நின்னா காலு வலிக்கும்டா. நாம ஒக்காந்து பொழச்சவன்."

சொல்லிவிட்டாரே தவிர, மறுநாளே நின்றுவிட்டார். சுயேச்சை. பேருந்துச் சின்னம் கேட்டார், காலிஃபிளவர் கொடுத்தார்கள். அவருடைய மனைவி அல்லி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "நம்ம வீட்ல யாரும் தொடாத காயிங்க அது" என்றாள். ஆனாலும் வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள்.

அந்த வருடம் வேட்பாளர்கள் பெருத்துவிட்டார்கள். வாக்கு இயந்திரப் பெட்டி ஒன்றில் பதினாறு பெயர்தான் கொள்ளும்; அதனால் பக்கத்தில் இன்னொரு பெட்டி வைத்தார்கள். தங்கப்பன் பெயர் இரண்டாவது பெட்டியில், மேலிருந்து மூன்றாவது. ஃபயாஸ் ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து ஊர் ஊராகச் சொன்னார்: "ரெண்டாவது பொட்டி, மூணாவது பொத்தான்! மறந்துடாதீங்க!" பக்கத்து வீட்டு சலோமி, இறந்துபோன சொல்தாவின் மனைவி, பிரெஞ்சுக் குடியுரிமைக்காரி, உண்மையாகவே வருத்தப்பட்டாள்: "எனக்கு பாரிஸ் ஓட்டுதான் இருக்கு அண்ணாச்சி. அங்க நின்னீங்கன்னா சொல்லுங்க, போட்டுடறேன்."

ஓட்டுப் போடும் நாளில் அவரும் அல்லியும் சேர்ந்தே போனார்கள். வேட்பாளர் கண்ணாடி போட்டால் கம்பீரம் குறையும் என்று கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டார். போட்டுவிட்டு வெளியே வந்து, மை விரலைக் கொடிபோல் தூக்கிக்கொண்டே வீடுவரை நடந்தார்.

தோற்றதில் அவருக்கு வருத்தமில்லை. நூற்றுச் சொச்சம் ஓட்டு, அதில் மாஹேயில் மட்டும் மூன்று. "யானை போட்ருக்கும்" என்றார் ஃபயாஸ். பிறகு சாவடி வாரியாக எண்ணிக்கை வெளியாயிற்று. ஃபயாஸ் போனில் தேடிக் கண்டுபிடித்தார், பார்த்தார், போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நம்ம பூத்துல எத்தினிடா?"

"விடுங்கண்ணே."

"சொல்லுடா."

"ஒண்ணு."

தெருக்காரர்கள் போடமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் இரண்டு இருக்க வேண்டுமே! அவர் ஒன்று, அல்லி ஒன்று. ஒன்றுதான் என்றால், அது அவருடையது. அப்படியானால் அல்லி?

நேரே வீட்டுக்குப் போய்க் கேட்டார்.

"ஒங்களுக்குத்தாங்க போட்டேன்" என்றாள்.

"கணக்குல ஒண்ணுதான் இருக்கு."

"அப்ப கணக்கப் போயிக் கேளுங்க. என்னைய ஏன் கேக்குறீங்க? மாஹேல மூணு ஓட்டு விழுந்துச்சே, அதுங்க யாருன்னு நான் கேட்டனா?"

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு வற்றியது. தட்டு வரும், தண்ணீர் வரும், சொல் வராது. அதோடு விட்டாரா? டீக்கடையில் உட்கார்ந்து, "நாப்பது வருஷம் குடும்பம் நடத்துனவளே போடல, ஊரு எப்படிடா போடும்?" என்று உருகினார். கடைப் பேச்சு காலில் சக்கரம் கட்டிக்கொண்டது. பால் வாங்க நின்றால் அல்லியைப் பார்த்துச் சிரிப்பு; குழாயடியில், "என்னா அல்லிக்கா, யாருக்கு அமுக்குனீங்க?" என்று விசாரணை. கட்டியவனுக்கே போடாதவள் என்று ஒரு பெயர் விழுந்தது, கிழங்கில் ஒட்டிய மண் போல, உதற உதறப் போகவில்லை. அவள் கோவிலுக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு பால் வாங்கப் போவதையும் நிறுத்தினாள். அது மட்டும் தங்கப்பனுக்கு உறுத்தியது. ஆனாலும் எண்ணிக்கை எண்ணிக்கைதானே என்று மனதைக் கெட்டியாக்கிக்கொண்டார்.

ஆவணி முகூர்த்தம். திருமலைராயன்பட்டினத்தில் அல்லியின் தம்பி மகளுக்குக் கல்யாணம். போகாமல் இருக்க முடியாது. மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஹால். இரண்டிலும் இரண்டு கல்யாணம். அல்லி முன்வாசலில் நின்று, காற்றைப் பார்த்துச் சொன்னாள்:

"ரெண்டாவது ஹால்ல எடம் புடிச்சு ஒக்காரலாம். தம்பியப் பாத்துட்டு வர்றேன்."

வந்து பார்த்தால் இரண்டாவது ஹாலில் ஆள் இல்லை. பந்தி முழுக்கத் தேடினாள். கொல்லைப்புறம் தேடினாள். கடைசியில் பக்கத்து ஹாலில் எட்டிப் பார்த்தால், சிலுவை ஜோடித்த மேடைக்கு முன்னால், முன்பின் தெரியாதவர்களின் கல்யாணத்தில், தங்கப்பன் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பெண்ணின் அப்பா மரியசூசை பக்கத்திலேயே நின்று உபசரிக்கிறார்.

"நீங்க எலெக்‌ஷன்ல நின்னவருதானங்க? தோத்தும் தேடி வந்து நன்றி சொல்றீங்க பாருங்க, அது பெரிய மனசு. மனசாரச் சொல்றேன், நான் ஒங்களுக்குப் போடல. இன்னொரு பீஸ் வெச்சுக்குங்க."

அல்லி அருகே போனாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு நேராக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"ரெண்டாவது ஹால்னு சொன்னேன்."

"ரெண்டாவதுலதான ஒக்காந்திருக்கேன்."

"இது மொத ஹாலுங்க!"

"எப்படி? டிரைவர் பக்கத்துலேருந்து எண்ணு. அது ஒண்ணு, இது ரெண்டு."

அவரைப் பொறுத்தவரை உலகம் வலது கைப் பக்கத்தில்தான் ஆரம்பிக்கும். முப்பது வருடம் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஜன்னலோ, இருக்கையோ, பஸ் நிலையத்தில் வண்டி நிறுத்தும் இடமோ, எல்லாமே அந்தப் பக்கத்திலிருந்துதான் ஒன்று, இரண்டு.

அல்லி திரும்பப் போனவள் நின்றாள்.

"ஏங்க... ஓட்டுப் பொட்டியையும் அப்படித்தான் எண்ணுனீங்களா?"

கையிலிருந்த எலும்பு இலையில் விழுந்தது. கண்ணாடி இல்லாமல், நிமிர்ந்து நின்று, வலது பக்கத்திலிருந்து இரண்டாவது பெட்டி, மேலிருந்து மூன்றாவது பொத்தான். வலது பக்கத்திலிருந்து இரண்டாவது என்றால் மற்றவர்களுக்கெல்லாம் முதல் பெட்டி. அதில் மூன்றாவதாக இருந்தது, ஜீப்பை நிறுத்தாமல் கையசைத்துப் போனாரே, அவர் பெயர்.

"அப்ப அந்த ஒத்த ஓட்டு..."

"பின்ன யாரு, யானையா?"

மரியசூசைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த அம்மாவுக்கும் ஓர் இலை போடச் சொன்னார்.

திரும்பி வரும் பேருந்தில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். நிரவி தாண்டியபின் தங்கப்பன் கேட்டார்.

"என்னைய நம்பியா போட்ட? நான் ஜெயிப்பேன்னா?"

"நீங்களாவது ஜெயிக்கிறதாவது. நீங்க டிரைவர் ஆன நாளுலேருந்து ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் ஓட்டுப் பொட்டிய பஸ்ல ஏத்திட்டுப் போற டூட்டின்னு மொதநாளே போயிடுவீங்க. பூத்துல ஒவ்வொருத்தியும் புருஷன் புள்ளையோட வருவாளுவ. நான் மட்டும் ஒத்தையா நிப்பேன். இந்தத் தடவதான் பக்கத்து வரிசையில நீங்க நின்னீங்க. சட்டைக்குப் போட்ட நீலம் கூட வெயில்ல பளிச்சுன்னு தெரிஞ்சுது. அதுக்குத்தான் போட்டேன்."

தங்கப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் ஓட்டிய வருடங்களில் இந்தச் சாலையின் இரண்டு பக்கமும் வயல்தான் இருந்தது. இப்போது வீடுகள், வாசலுக்கு வாசல் பைக்.

"ஊரு பூராவும் சொல்லிவெச்சுட்டேனே அல்லி."

"சொன்ன வாய்தான எடுத்துச் சொல்லணும்?"

மறுநாள் காலை டீக்கடையில் பெஞ்சு நிறைந்திருந்தது. தங்கப்பன் உட்காரவில்லை. நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்குங்கப்பா. நம்ம பூத்துல எனக்கு விழுந்த ஒரு ஓட்டு எம்பொண்டாட்டி போட்டது. எனக்கு ஓட்டுப் போடாதவன் நாந்தான்."

கடையே சிரித்தது. கூரை எகிறியது.

"அண்ணே, அப்ப யாருக்குப் போட்டீங்க?" ஃபயாஸுக்குச் சிரிப்பில் புரையேறியது. தங்கப்பன் சொன்னார். "அட அல்லாவே! கூட்டணியா வெச்சீங்க?" பெட்டியை எப்படி எண்ணினார் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவர் டீ கிளாஸ்களை வரிசையாக அடுக்கி, எண்ணிக் காட்டினார். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டு, கேட்டுச் சிரித்தார்கள். அவரும் சலிக்காமல் ஒவ்வொரு தடவையும், "அல்லி போட்டா, நான் போடல" என்று முடித்தார்.

தெரு முனையில் அல்லி பால் தூக்கோடு நின்றிருந்தாள். கடைசித் தடவை வரை நின்று கேட்டாள். பிறகு தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு, கடைக்கு எதிரிலேயே, நடுத்தெருவில், அவசரமில்லாமல் நடந்து போனாள்.