முழங்காலுக்கு முன்னால் இரண்டு விரல்

மனிதர்களை உட்காரவைத்துவிட்டு, அவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு தொழில்தான். அடையாறில் எம்.எஸ்ஸி. உளவியல் படித்துக்கொண்டே, வகுப்பில்லாத நாட்களில் நான் அந்தத் தொழிலைச் செய்தேன். நடு சீட்டில் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, முன்னால் இருப்பவர் சாய்ந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே பறந்திருக்கும் சக பயணிகளே, உங்களுக்காகத்தான் அங்கே சண்டை போட்டேன்.

தரமணியில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. விமானத்தின் நடுப்பகுதியை மட்டும் நறுக்கிக் கொண்டுவந்து வைத்ததுபோல ஓர் அறை. வளைந்த கூரை, வெளியே எதுவும் தெரியாத சன்னல்கள், ஸ்பீக்கரில் இன்ஜின் இரைச்சல், சில வரிசை இருக்கைகள். பின் வரிசைகளில் இப்போது விமானங்களில் இருக்கும் அதே இடைவெளி. முன் வரிசைகளில் அதைவிட இரண்டு விரல் குறைவு. எது எது என்று உட்காருபவர்களுக்குச் சொல்ல மாட்டோம். ஒரு சினிமாவைப் போட்டு, அது முடியும்வரை உட்காரவைத்துவிட்டு, ‘வசதியாக இருந்ததா?’ என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், இந்த வேலையை எங்களிடம் கொடுத்த விமான நிறுவனம் எல்லா வரிசையிலும் இரண்டு விரலை எடுத்துவிட்டு, மிச்சமான இடத்தில் இன்னொரு வரிசை போட்டுவிடும். மேலாளர் முரளி சார் முதல் நாளே இதைச் சொன்னார். எடுக்க விடக் கூடாது என்று நானும் முதல் நாளே முடிவு செய்துவிட்டேன்.

காபி கொடுத்த தப்பு

முதல் வாரம் வந்தவர்களில் செல்வம் அண்ணாச்சி ஒருவர். தி.நகரில் புடவைக் கடை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஆறடி ஆள். குறுகலான வரிசைதான் அவருக்கு வாய்த்தது. பாதிப் படத்திலேயே காலை நடைபாதைக்குக் கொண்டுவந்துவிட்டார். அப்புறம் உள்ளே, மறுபடி வெளியே. முடித்து எழுந்தபோது முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டடி நொண்டிவிட்டு நின்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு, வசதியாக இருந்ததா என்று கேட்டேன். ‘பரவால்லம்மா’ என்றார்.

நான் விடவில்லை. “அண்ணாச்சி, நீங்க நொண்டிக்கிட்டு நிக்கறீங்க. அதை நானே பார்த்தேன்” என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஏ.சி. போட்டு, வடையும் காபியும் குடுத்து, இம்புட்டு மரியாதையா உக்கார வச்சிருக்கீங்க. போகும்போது குறை சொல்லிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?”

சம்மணம்

மயிலாப்பூரிலிருந்து வந்த வைதேகி மாமி பாட்டு வாத்தியார். மணிக்கணக்கில் பாயில் உட்கார்ந்து பழகியவர். அவருக்கும் குறுகலான வரிசைதான். விமானம் ‘கிளம்பிய’ கொஞ்ச நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சீட்டின் மேலேயே சம்மணம் போட்டுக்கொண்டார். முழங்கால்கள் இரண்டும் கைப்பிடிகளில் இடித்தன. பக்கத்துக் கைப்பிடியைத் தூக்கிவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் ‘கொஞ்சம் தள்ளிக்கோங்கோ’ என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

எங்கள் ஆராய்ச்சியே அந்த இடத்தில் குப்புற விழுந்தது. காலைத் தொங்கவிடாதவருக்கு முழங்கால் இடைவெளி எதற்கு? இதை எப்படி எழுதுவது என்று புரியாமல், காலைக் கீழே போடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். மாமி கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார். “ஏண்டிம்மா, எப்பப் பாத்தாலும் நீளத்தையே அளந்துண்டிருக்கேளே, அகலம் போறுமான்னு யாராவது ஒரு வார்த்தை கேட்டேளா?”

ஆட்டோவிலிருந்து விமானத்துக்கு

ஒருநாள் வர வேண்டிய ஒருவர் வரவில்லை. இன்னொருவரை இறக்கிவிட வந்த ஆட்டோக்காரர் பாபு அண்ணனையே உட்காரச் சொன்னோம். விமானத்தில் போனதே இல்லையாம். பெல்ட்டைப் போட்டுப் போட்டுக் கழற்றினார். மேலே விளக்கை எரித்து எரித்து அணைத்தார். குறுகலான வரிசையில் உட்கார்ந்துகொண்டு, “இன்னாமா, எடம் தாராளமா கீது. சாயங்காலம் மாம்பலம் டேசன்ல நின்னு பாத்துக்கிறியா நீ?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ரயிலோடு ஒப்பிட்டுத்தான் நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். அவருடைய தங்கை டெல்லியில் இருக்கிறார், பிள்ளை பிறந்து ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. “காலு மடங்கினா மடங்கிட்டுப் போவுது. டிக்கெட்டு கொறையுமா, அத்த சொல்லு” என்றார். குறையும் என்று யாரும் சொல்லவில்லையே என்றேன். பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டார். “அப்ப இன்னாத்துக்கு மடக்க சொல்றானுங்க?”

முரளி சார் கொடுத்த ஒரு வரி

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நேராக முரளி சாரிடம் போனேன். அவர் கெட்டவரில்லை, அதுதான் எரிச்சல். பதில்களை எடுத்து என் முன்னால் பரப்பினார். முன் வரிசை, பின் வரிசை, எல்லாவற்றிலும் பரவாயில்லை, பரவாயில்லை, பரவாயில்லை. “உளவியல் படிக்கிற பொண்ணு நீ. அவங்க சொல்லாததை எழுதி அனுப்பச் சொல்றியா?” என்றார். நாம் கேட்பதுதான் தப்பு என்று வாதாடினேன். விருந்துக்கு வந்தவரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால் நம் ஊரில் யார் உண்மை சொல்வார்கள்?

பேசிக்கொண்டே இருந்தபோதுதான் அண்ணாச்சி நொண்டிய நொண்டல் ஞாபகம் வந்தது. தனக்கு வலித்தால் சொல்ல மாட்டார், சரி. வேறு யாருக்காவது வலிக்கும் என்றால்? கேள்வியை அங்கேயே சொன்னேன். முரளி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி நிவேதா, கடைசியில சேர்த்துக்கோ. ஆனா ஒரே வரி. உன் பிரசங்கம் வேண்டாம்.”

அம்மாவை அனுப்புவீங்களா?

அதுதான் என் கேள்வி. இந்த சீட்டில் உங்க அம்மாவை டெல்லிக்கு அனுப்புவீங்களா? அம்மா இல்லாதவர்களுக்கு, வீட்டில் வேறு யாராவது. முன்பு வந்தவர்களையே மறுபடி கூப்பிட்டு, அதே சீட்டில் உட்காரவைத்துக் கேட்டோம். பின் வரிசையில் இருந்தவர்கள் அனேகமாக யோசிக்காமலே ‘அனுப்பலாம்’ என்றார்கள். குறுகலான வரிசையில் இருந்தவர்கள்தான் எழுந்து நின்று சீட்டையே திரும்பிப் பார்த்தார்கள். வைதேகி மாமிக்கு, மாசமாக இருக்கும் மகள் ஞாபகம் வந்துவிட்டது. வேண்டவே வேண்டாம் என்றார்.

செல்வம் அண்ணாச்சி மறுபடி உட்கார்ந்தார். முழங்காலுக்கும் முன் சீட்டுக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. காபியை ஓரமாக வைத்துவிட்டு, முதல் தடவையாகக் கோபப்பட்டார். “அம்மாவையா? இதுலயா? எங்கம்மா முட்டி வலிக்காரி. இறங்குறப்போ யாரு வந்து தூக்கிவிடுவா, உங்க கம்பெனியா?”

ஜெயித்த கதை

எல்லாவற்றையும் அனுப்பினோம். ‘பரவாயில்லை’ என்ற அதே வாய்கள் ‘அனுப்ப மாட்டேன்’ என்று சொன்னதை விமான நிறுவனம் ஒத்துக்கொண்டது. முரளி சார் கூப்பிட்டுக் கைகொடுத்தார். இனி விமானங்களில் முன்னால் சில வரிசைகளில் மட்டும் பழைய இடைவெளியே இருக்கும், பெரியவர்களுக்கு வசதி என்று விளம்பரம் செய்வார்கள், அதற்குத் தனிக் கட்டணம் என்றார். மற்ற வரிசைகள்? இரண்டு விரல் போகும். நேற்றுவரை எல்லோருக்கும் சும்மா இருந்ததைப் பிடுங்கி, அதையே திருப்பி விற்கிறார்களா என்று கத்தினேன். “கத்தாதே. உன் கேள்விதான் விளம்பரத்துல முதல் வரி” என்றார்.

பொறுக்க முடியாமல் சாயங்காலம் தி.நகர் போய், கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்த அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நான் கோபப்பட்டதில் பாதியாவது அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்னை ஆறுதலாகப் பார்த்தார். “அதுக்கு ஏன் தாயி மனசக் கஷ்டப்படுத்திக்கிடுத? அம்மாவுக்கு அந்த வரிசையில ஒண்ணு போட்டுருவோம். நான் பின்னால எங்கயாவது மடங்கி உக்காந்துக்கிடுதேன். எனக்குப் பரவால்ல.”

சக பயணிகளே, நம் ஊரில் காலுக்கு இடம் கேட்க வேண்டுமென்றால் அம்மாவின் காலைக் காட்டித்தான் கேட்க வேண்டியிருக்கிறது, காட்டிய உடனே அதற்கும் ஒரு விலைச்சீட்டு ஒட்டிவிடுகிறார்கள்.