அம்மாவைத் தேடி வந்த போலீஸ்

நான் நாலாம் வகுப்புப் படித்தபோது அம்மா அயர்லாந்துக்காரி ஆனாள். அப்பா இறந்த பிறகு நர்ஸ் வேலைக்காக அங்கே போனவள். நான் கோவில்பட்டியில் மாமா வீட்டில் வளர்ந்தேன். பெரிய மண்டபத்தில் பல தேசத்து ஆட்களோடு நின்று அவள் குடியுரிமை உறுதிமொழி எடுத்ததை மாமாவின் போனில் பார்த்தோம். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

மாமாவுக்குக் கடலைமிட்டாய்க் கடை. கடையில் பொய் சொல்லமாட்டார். அதற்கும் சேர்த்து வீட்டில் சொல்லுவார்.

"ஏட்டி, இனி உங்கம்மா வெளிநாட்டுக்காரி. இங்கன ஒரு நாள் கூடுதலாத் தங்கினாலும் போலீஸ் பிடிச்சிட்டுப் போயிரும்."

அந்தக் கோடையில் அம்மா லீவில் வந்தாள். வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைத்தெருவில் காக்கிச் சட்டையைக் கண்டால் அவள் சேலையைப் பிடித்துச் சந்துக்குள் இழுப்பேன். ஒருமுறை அப்படிப் பயந்து ஒளிந்தது ஒரு பஸ் கண்டக்டருக்கு.

ஒரு மத்தியானம் மாமாவும் அத்தையும் கடையில் இருந்தார்கள். அம்மா உள்ளறையில் படுத்திருந்தாள். வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. இறங்கியவர் நிஜப் போலீஸ், ஏட்டையா. நான் ஓடிப்போய் அம்மா இருந்த அறையை வெளியே தாழ்போட்டு, கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"அம்மா இருக்காவளா பாப்பா?"

"இல்ல. அவிய போயிட்டாவ."

அதே நேரம் உள்ளிருந்து, "ஏட்டி, கதவை யாரு அடைச்சது?" என்று அம்மா தட்டினாள்.

ஏட்டையா கிட்டே வந்தார். நான் கைகளை விரித்துக்கொண்டு அலறினேன். "அவிய இங்கனதான் பிறந்தாவ! பிடிச்சிட்டுப் போகாதீங்க!"

அவர் திகைத்துப்போனார். என்னை மெல்ல விலக்கித் தாழை நீக்கினார். வெளியே வந்த அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டேன். அவரோ தொப்பியைக் கழற்றிவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவருடைய மகள் நர்ஸ் படிப்பு முடித்தவளாம். அயர்லாந்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். விசாரிக்க வந்திருக்கிறார்.

"நம்பி அனுப்பலாமா தாயி?"

"தாராளமா அனுப்புங்க அண்ணாச்சி," என்றாள் அம்மா. "போன புதுசுல நான் பேசுறது ஒருத்தருக்கும் விளங்காது. ஆனாலும் யாரும் முகம் சுளிக்கல. கொரோனாவுல நான் மூச்சு முட்டிக் கிடந்தப்ப, கூட வேலை பாக்கிறவிய முறை வச்சுப் பக்கத்துல உக்காந்திருந்தாவ. அங்கன எனக்கு யாரு இருக்கா? என்னைப் பிழைக்க வச்ச நாடு. அதுக்குத்தான் கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணினேன்."

ஏட்டையா தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அது சரி தாயி. போன பிள்ளை திரும்பி வருமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். "இருங்க, காப்பி போட்டுட்டு வாரேன்," என்று எழுந்து போனாள்.

ஏட்டையா தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். அவரிடம் விலங்கு இல்லை என்று நன்றாகப் பார்த்துக்கொண்டு நான் விளையாடத் தெருவுக்கு ஓடினேன். போலீஸ்காரர்களும் பயப்படுவார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.