தேதி மட்டும் மாறிய பலகை

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு எச்.ஆர். வேலை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டர் கேட்டால் தொழிலாளர்கள் என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின நாள் சாயங்காலம் சொல்லிக் கொடுப்பதுதான் அதில் முக்கியமான பகுதி. "ஓவர்டைம் உண்டா?" "இல்லைங்க சார்." "சூப்பர்வைசர் திட்டுவாரா?" "தங்கமானவருங்க சார்." இதைச் சிரிக்காமல் சொல்லத் தெரிந்தவர்களை முன்வரிசையில் உட்கார வைப்பேன்.

ஒருமுறை, தொழிலாளர்களின் பொது அறிவை வளர்க்க என்ன செய்கிறீர்கள் என்றும் கேட்பார்கள் எனத் தகவல் வந்தது. 'வரலாற்றில் இன்று' என்று ஒரு பலகை வைக்கலாம் என்றேன். ஆடிட் ஜூலை இருபது. மனிதன் நிலவில் இறங்கியது, அமெரிக்க விண்கலம் செவ்வாயில் இறங்கியது, உலகச் சதுரங்க நாள் என்று அந்தத் தேதியில் சரக்குக்குப் பஞ்சமில்லை. முதலாளி உற்சாகமாகி பிளெக்ஸே அடித்துவிட்டார். அடுத்த ஆடிட் வந்தபோது புதிதாக அடிக்கலாமா என்று கேட்டேன்.

"ஏனுங்க, பெங்களூர்ல இருந்து வர்ற ஆடிட்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியுமாங்க? மேல தேதிய மட்டும் மாத்துங்க, போதும்."

மாற்றினேன். அதன்பின் எங்கள் கம்பெனியில் மனிதன் நவம்பரிலும் நிலவில் இறங்கினான், ஜனவரியிலும் இறங்கினான். கேட்டிருந்தால் அவனுக்கும் ஓவர்டைம் இல்லை என்றே சொல்லியிருப்போம். ஆடிட்டர் போட்டோ எடுத்து டிக் அடித்துப் போனதும் பலகை ஸ்டோர் ரூமுக்குள் போய்விடும்.

அந்த ஜனவரி ஆடிட்டுக்கு முந்தின மாலை, பலகையை மாட்டி மறுநாள் தேதியை எழுதினேன். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆன டெய்லர் அம்மா ஒருவர் அதன் முன் நின்று, அட்டைப்பெட்டித் துண்டில் வரி வரியாக எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள் பள்ளிப் பிரேயரில் 'இன்றைய சிறப்பு' வாசிக்கும் முறை அவர் மகளுக்காம்.

"போன்ல வர்றதுல எது நெசம்னு தெரியாது சார். கம்பெனி எழுதிப் போட்டா சரியாத்தான இருக்கும்?"

தலையாட்டினேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஆடிட் பயத்தில் எனக்கு வேறொன்றும் ஓடவில்லை.

ஆடிட்டில் பாஸாகிவிட்டோம். அதற்கு அடுத்த நாள் அந்த அம்மா என் மேசைக்கு வந்தார்.

"நிலாவுல எறங்குனது ஜூலையிலன்னு டீச்சர் எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும் சொல்லிட்டாங்க. இவ விடாம, எங்கம்மா கம்பெனியில போட்டிருக்குன்னு நின்னுருக்கா. பள்ளிக்கூடமே சிரிச்சிருக்கு. இன்னைக்குப் போகமாட்டேன்னுட்டா சார்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அது சும்மா ஆடிட்டுக்காகப் போட்டதும்மா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "ஆடிட்டுக்குப் பொய் சொல்லணும்னு எங்களுக்குச் சொல்லித் தந்தீங்க, சொன்னோம். போர்டும் அதுல சேத்திதான்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா சார்?"