அப்பா அடைகாத்த பல்லி முட்டைகள்

எங்கள் வீட்டுக்குள் முட்டை என்ற பொருள் வந்ததே இல்லை. பவானிபூரில் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழ்வீட்டு வங்காளி மாமி, நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுபவர், மீன் பொரிக்கும் நாளெல்லாம் அம்மா ஊதுவத்தி ஏற்றிவிடுவாள். அப்படிப்பட்ட வீட்டில் அப்பா ஒரு குளிர்காலம் முழுக்க முட்டைக்குக் காவல் இருந்தார் என்றால் எங்கள் உறவுக்காரர்கள் இன்றைக்கும் நம்புவதில்லை. அதுவும் பல்லி முட்டை.

அந்தப் பல்லி என்னுடையது. அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மேஜை விளக்கைப் போட்டதும் சுவரிலிருந்து இறங்கி வந்து, நான் வைக்கும் சோற்றுப் பருக்கையைக் கவ்விக்கொண்டு போகும். கையை நீட்டினாலும் ஓடாது. அதற்கு நான் வைத்திருந்த பெயரைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. பூஜை விடுமுறையில் அதன் வயிற்றுத் தோல் வழியே இரண்டு வெள்ளை உருண்டைகள் தெரிந்தன. சில நாளில் வயிறு ஒட்டிப்போயிற்று. எங்கேயோ முட்டையிட்டுவிட்டது என்று வீடெல்லாம் தேடினேன். அகப்படவில்லை.

அப்பாவுக்குப் பல்லி என்றாலே ஆகாது. மேலே விழுந்துவிட்டால் பஞ்சாங்கத்தில் பலன் பார்ப்பார். நல்ல பலன் போட்டிருந்தாலும் குளித்துவிடுவார். ஒருநாள் ஆபீசுக்கு நேரமாகிவிட்டதென்று, சட்டையை எடுத்துக்கொண்டு இரும்பு அலமாரியின் கதவை அறைந்து சாத்தினார். கீல் இடுக்கில் என் பல்லி இருந்தது.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன். நான் பிடித்தால் பிடித்ததுதான், அந்தக் குணம் இன்னும் போகவில்லை. "காஞ்சிபுரத்துல தங்கப் பல்லியைத் தொட்டுட்டு வந்தா தோஷம் போயிடும், விடுங்கோ" என்று அம்மா அவரைச் சமாதானப்படுத்தினாள். அங்கே இருக்கும் தங்கப் பல்லியைத் தொட்டால் இங்கே செத்துப்போனதற்கு என்ன வந்தது என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. "வழியில நிக்கறார், நகரச் சொல்லும்மா" என்று அவர் காதுபடவே அம்மாவிடம் சொல்வேன். அப்பா நகர்ந்துகொள்வார்.

முட்டைகளைக் கண்டுபிடித்தது அவர்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒற்றை ஆளாக அந்த அலமாரியை நகர்த்தினார். பின்சுவரில் ஈரத்தில் உப்பி வெடித்திருந்த காரைக்குள் இரண்டும் இருந்தன. ஒன்று தனியாகக் கிடந்தது, மற்றது காரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "சுவர் ஜில்லுனு இருக்கு, இங்க எப்படிப் பொரியும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒட்டிய முட்டையைக் காரைச் சில்லோடு கத்தியால் பெயர்த்தெடுத்தார். தெருவில் பாதாள ரயிலுக்காகத் தோண்டிக் குவித்திருந்த மண்ணில் கொஞ்சம் கொண்டுவந்து, சலித்து, பிஸ்கட் டின்னில் பரப்பினார். அதன்மேல் முட்டைகள், பக்கத்தில் ஒரு மூடியில் தண்ணீர், டின்னுக்கு மேல் என் மேஜை விளக்கு. சமையலறைப் பக்கம் வரவே கூடாதென்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் டின் என் மேஜையிலேயே குடியேறியது.

முட்டை விஷயத்தில் எங்களுக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. மாஷிமா மொட்டை மாடியில் கோழி வளர்ப்பவர் என்பதால் அப்பா அவரிடம் போய்க் கேட்டார். "ரோஜ் உல்டே திதே ஹபே" என்றார் மாஷிமா. தினமும் புரட்டிப் போட வேண்டுமாம், இல்லாவிட்டால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளுமாம். கோழி முட்டைக்கு அது சரிதான். பல்லி முட்டை இட்ட வாக்கிலேயே அசையாமல் கிடக்க வேண்டும் என்பது பிற்பாடு கல்லூரியில் விலங்கியல் படித்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

அப்பா ஆபீசிலிருந்து வந்ததும் கால் கழுவிவிட்டு நேராக டின்னிடம் போவார். காப்பி ஸ்பூனால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, தனி முட்டையைப் புரட்டுவார். பிறகு அந்தக் குளிரிலும் போய்க் குளிப்பார். அம்மா அந்த ஸ்பூனை ஒதுக்கி வைத்துவிட்டாள். காரையோடு ஒட்டிய முட்டையைப் புரட்ட வழியில்லை. "இது தேறாது, பாவம்" என்று அதை அப்படியே விட்டுவிட்டார். சாயங்காலம் தவறாமல் லோட்ஷெடிங் வரும். விளக்கு அணைந்த அடுத்த நிமிஷம் அரிக்கேன் விளக்கு டின்னுக்குப் பக்கத்தில் இருக்கும். நான் படிப்பதற்கு மெழுகுவர்த்தி அதற்கப்புறம்தான் வரும்.

ஒருநாள் அவர் குனிந்து முட்டையிடம் பேசுவது காதில் விழுந்தது. "சமத்தா வந்துடு. நீ வந்தாத்தான் அவ என்னோட பேசுவா."

எனக்குக் கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது. ஆனால் இத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு எந்த வார்த்தையில் தொடங்குவது? புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

குளிர் விடும் சமயம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், காரையில் ஒட்டியிருந்த முட்டை உடைந்திருந்தது. பக்கத்தில் ஒரு குஞ்சு. வாலோடு சேர்த்தும் என் சுண்டுவிரல் நீளம் வராது, ஆனால் கண் மட்டும் பெரிசு. நான் போட்ட கூச்சலில் அம்மா ஓடிவந்து பார்த்தாள்.

"அப்பா வந்தா சொல்லும்மா" என்றேன்.

"நான் சொல்ல மாட்டேன். உனக்கு வாய் இல்லையா?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

அப்பா வந்தார். கால் கழுவிவிட்டு ஸ்பூனோடு குனிந்தார். கண்ணெல்லாம் அந்தத் தனி முட்டையின்மேல்தான்.

"அப்பா, அது வேண்டாம்ப்பா. இந்தப் பக்கம் பாரு" என்றேன்.

ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. குஞ்சு டின்னின் விளிம்பில் ஏறி அவர் கைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"என்ன சொன்னே?"

"குஞ்சு வந்துடுத்துப்பா."

"இன்னொரு தரம் சொல்லு" என்றார் அப்பா.