வாளிக்கு அடியில் ஆர்ட்டிசோக்

டொராண்டோவில் குளிர் வரும் முன்னால் செடியை ஒட்ட வெட்டி, வைக்கோலால் மூடி, மேலே ஒரு வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பிறகு வசந்தம் வரைக்கும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டு இத்தாலிக்காரி ரோஸா தன் ஆர்ட்டிசோக் செடிகளுக்கு இப்படிச் செய்ததைப் பார்த்தபோது, இதென்ன கொடுமை என்றுதான் தோன்றியது. தாம்பரம் மார்க்கெட்டில் நீங்கள் ஆர்ட்டிசோக்கைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அது ஒரு முள்செடி. மொட்டு தாமரை மொட்டு போலப் பருக்கும்; பூக்கும் முன்பே பறித்து வேகவைத்துத் தின்பார்கள். இங்கே அது ஒரு குளிர்காலத்தைத் தாண்டினால்தான் மொட்டு விடும் என்றாள் ரோஸா.

அந்தக் குளிர்தான் எனக்கு வேண்டியிருந்தது. தாம்பரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் செம்பாக்கத்தில் என் தங்கை சாந்தி எதை நட்டாலும் காய்க்கும். அம்மா அவளோடுதான் இருக்கிறாள். நான் ஃபோன் கார்டு வாங்கி, நம்பரெல்லாம் அழுத்திக் கூப்பிட்டால், சாந்தி வைத்த பாகல், சாந்தி வைத்த புடலை என்றே பேச்சு ஓடும். நான் எப்படி இருக்கிறேன் என்ற கேள்வி கார்டு தீரப்போகும்போதுதான் வரும். பொறாமைதான், இல்லையென்று சொல்ல எனக்கென்ன வந்தது? அடுத்த கோடையில் அம்மா முதன்முறையாக இங்கே வருவதாக முடிவானதும், சாந்தி தலைகீழாக நின்றாலும் வளர்க்க முடியாத ஒன்றை அம்மாவுக்குக் காட்டிவிட வேண்டும் என்று ரோஸாவிடம் நாலு நாற்று வாங்கி நட்டேன்.

மூடி வைத்த பிறகு தண்ணீரே விடக்கூடாது என்றாள் ரோஸா. எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. செம்பாக்கத்தில் ஏரி பக்கத்திலேயே இருந்தும், கோடையில் மோட்டார் போட்டால் காற்றுதான் வரும். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருப்போம். அரிசி களைந்த தண்ணீரைக்கூட வீணாக்காமல் கறிவேப்பிலைக்கு ஊற்றுவோம். சாந்தி ஊற்றினால்தான் அது தழைக்கிறது, அவளுக்குக் கைராசி என்று அம்மா அக்கம்பக்கமெல்லாம் சொல்லுவாள். நானும்தான் ஊற்றினேன். என் கையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்படி வளர்ந்தவளிடம் தண்ணீர் விடாதே என்றால்? தன் தோட்டத்தில் மட்டும் காய்க்கட்டும் என்றுதான் ரோஸா சொல்கிறாள் என்றே நினைத்தேன். பனி கொஞ்சம் உருகிய நாளிலெல்லாம் வாளியைத் தூக்கி ஒரு சொம்பு ஊற்றிவிட்டு வந்தேன். ஏப்ரலில் வைக்கோலை விலக்கினால், நாலும் அழுகிக் கூழாகக் கிடந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் ரோஸாவின் செடிகள் ஜோராகத் துளிர்த்திருந்தன. இப்போது பொறாமைப்பட எனக்கு இரண்டு பேர்.

அம்மா வந்தாள். ஜூலையில் ரோஸா வேலிக்கு மேலே கை நீட்டி அவளுக்கென்று இரண்டு மொட்டுகள் கொடுத்தாள். வேகவைத்து, உப்பும் எலுமிச்சையும் சேர்த்துக் கொடுத்தேன். அம்மா முருங்கைக்காய் தின்பதுபோல ஒவ்வொரு இதழாகப் பல்லில் இழுத்துச் சுவைத்தாள். நான் வைத்தவை அழுகிப்போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டாளோ என்னவோ, கடைசி இதழையும் முடித்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"இதுல ரெண்டு விதை வாங்கிக் குடுடி. சாந்தி எப்படியும் வளத்துடுவா."

"அந்த வெயில்ல வராதும்மா. இதுக்குக் குளிர் வேணும்."

"அவ கைக்கு வரும்."

தட்டைக் கழுவப் போனேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்தும் வெளியே வெளிச்சம் போகவில்லை. அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நம்ம வீட்ல இப்போ மணி என்னடி இருக்கும்?" என்றாள்.

எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. ஈரக் கையோடு கடிகாரத்தைப் பார்த்து, ஒன்பதரை மணி நேரத்தை மனசுக்குள் கூட்டி, "விடிஞ்சிருக்கும்மா. பால் வந்திருக்கும்" என்றேன்.