படையல் மேசையில் ஒரு கிண்ணம் கறுப்பு நூடுல்ஸ்

கொரியாவின் ஆண்டோங் ஊரில் பழங்குடும்பம் ஒன்றின் மூத்த மருமகளாக ஒக்பூன் வந்து சேர்ந்தபோது, உயிரோடிருந்த மாமனாரைவிடச் செத்துப்போன மாமனார்கள்தான் அவளை அதிகம் வேலை வாங்கினார்கள். மாதம் தவறினாலும் திதி தவறாது. அடுப்படியில் பெண்கள் வெந்துகொண்டிருக்க, கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்து, சிவப்புப் பழம் கிழக்கா மேற்கா, மீன் தலை எந்தப் பக்கம் என்று வழக்காடுவார்கள். விதிகள் எல்லாம் என்றைக்கோ சீனத்திலிருந்து வந்தவை. கொடுத்தவர்களே அவ்வளவாக நினைவில் வைத்திருக்கவில்லை.

அவளுடைய மாமனார் மட்டும் இந்த வழக்கில் சேராதவர். ஒவ்வொரு திதிக்கும் மறுநாள், மீந்த படையலைப் பார்க்கவே பிடிக்காமல், மருமகளைக் கூட்டிக்கொண்டு சந்தைத் தெருவில் சுன் என்ற சீனர் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்குப் போவார். கறுப்புச் சாந்து ஊற்றிய ஜஜாங்மியோன் நூடுல்ஸ், ஆளுக்கு ஒரு கிண்ணம். அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த மரியாதை என்றால் அதுதான். போன வருஷம் ஆஸ்பத்திரியில் கடைசியாக அவர் கேட்டதும் அதைத்தான். டாக்டர் பேச்சைக் கேட்டு அவள் கஞ்சி கொடுத்தாள். அன்று சாயங்காலமே போய்விட்டார்.

முதல் வருஷத் திதிக்கு அதைப் படைத்தே தீருவது என்று அவள் முடிவு செய்தாள். தடையாக நின்றவர் மாமனாரின் தம்பி கிசோல். படையல் மேசை அவருடைய ராஜ்யம்.

“சீனாக்காரன் நூடுல்ஸா? நம்ம முன்னோர் மேசையிலயா?”

“அந்த மேசையில நம்மளது என்ன இருக்கு, சின்ன மாமா? செத்தவங்க பேர் எழுதி வைக்கற காகிதத்துல சீன எழுத்து. கும்பிடற முறையும் சீனம். கீரை மட்டும்தான் நம்ம தோட்டத்துது.”

“அது சாஸ்திரம். இது கடைத் தீனி.”

அவள் நேரே சுன்னிடம் போனாள். “உங்க வீட்டுல எப்படிண்ணே படைப்பீங்க?”

“எங்க அப்பாவுக்கா? ரெண்டு ஆரஞ்சு, கொஞ்சம் ஊதுபத்தி. கடை திறக்கணுமில்ல?” வெங்காயத்திலிருந்து கண்ணெடுக்காமல் சுன் சொன்னார். “ஊறிப்போன நூடுல்ஸை உங்க மாமனார் தொடமாட்டார். பூஜை நடுவுல சுடச்சுடக் கொண்டாரேன். எப்ப வரட்டும்?”

எப்போது என்று அவளுக்குத் தெரியும். சோற்றில் கரண்டியைக் குத்தி நிறுத்தியதும், இறந்தவர் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டுத் தலைகுனிந்து நிற்பார்கள். அந்த நேரம் யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது.

திதியன்று கதவு சாத்தியதும் கொல்லைப்புறத்தில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

“என்ன சத்தம் அது?” என்றார் கிசோல்.

“அப்பா வந்துட்டார் போல, சித்தப்பா,” என்றான் ஒக்பூனின் கணவன் மன்சூ, தலை நிமிராமல்.

ஒக்பூன் நழுவிப் போய்ச் சுன்னிடம் கிண்ணத்தை வாங்கி, சமையலறை வழியாகப் புகுந்து, சோற்றுக்கும் சூப்புக்கும் நடுவில் அதை வைத்து, மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தாள்.

கிசோல் முறைப்படி மூன்று தடவை செருமிவிட்டுக் கதவைத் திறந்தார். ஆவி பறந்துகொண்டிருந்தது. முன்னோருடையது அல்ல.

“யாரு வெச்சது?”

“நான்தான், சின்ன மாமா. ஆஸ்பத்திரில கேட்டார். நான் குடுக்கல.”

அவர் குனிந்து கிண்ணத்துக்குள் பார்த்தார்.

“கலக்காம வெச்சிருக்கியே. அண்ணன் என்னைக்குக் கலக்கிச் சாப்பிட்டான்? சின்ன வயசுலேருந்து நான்தான் கலக்கித் தரணும்.”

அண்ணனுக்கு வைத்திருந்த குச்சிகளை எடுத்து அடிவரை கிண்டினார். விரலில் பட்ட சாந்தை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நக்கிக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

“எல்லாரும் திரும்ப வெளிய போங்க.”

“இன்னொரு தடவையா? அப்படி முறை இருக்கா, சித்தப்பா?” என்றான் மன்சூ.

“அவன் இப்பதான்டா சாப்பிடவே உட்கார்றான்.”

மறுபடி கதவு சாத்தப்பட்டது. மறுபடி தலைகள் குனிந்தன. சற்றுநேரத்தில் கிசோல் ஒக்பூன் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்.

“மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய் வெச்சியா?”

“மறந்துட்டேன்.”

“அது இல்லாம ஒரு வாய் இறங்காதே அவனுக்கு. போ, போ.”

கொல்லையில் சுன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். மறந்துபோன பொட்டலம் அவர் கையிலேயே இருந்தது. அதை வாங்கிக்கொண்டு வந்த ஒக்பூன், சமையலறை வாசலில் ஒரு கணம் தயங்கி, கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.